கழுவ எளிதான பேஸ்டிங் பிரஷ்: நீங்களே வடிவமைக்க ஒரு வழிகாட்டி

வேகும் பொருள் காய்ந்துபோகாமல் இருக்க அதன் மேல் எண்ணெயோ வெண்ணெயோ சாறோ அவ்வப்போது தடவிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, பேஸ்டிங் எனப்படும் அந்த வேலைக்கான கருவியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பிரஷ், ரப்பர் பல்பு வைத்த உறிஞ்சுகுழாய், நீளக் கரண்டி என்று மூன்று வடிவங்களில் இது கிடைக்கிறது. தடவுகிற வேலையை மூன்றுமே ஒழுங்காகச் செய்துவிடும். தகராறு எல்லாம் சமையல் முடிந்த பிறகுதான். நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்த பிரஷ்ஷை மறுநாள் எடுத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், மூக்கருகே கொண்டுபோனால் காறல் வாடை அடிக்கும்.

அப்படி ஆகாத ஒன்றை நீங்களே வடிவமைக்க நினைத்தால், வரையத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாற்றை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் எதுவோ, அதுவேதான் பிசுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இழைகளை நெருக்கினால் பிரஷ் நிறையச் சாறு எடுக்கும், கழுவ முடியாது. இழைகளை விலக்கினால் கழுவலாம், ஆனால் சாறு பாத்திரத்திலேயே நின்றுவிடும். ஆகவே பிடிப்பைக் குறைக்காமல், பிடிக்கிற இடத்தைத் தண்ணீரும் விரலும் எட்டுகிற இடமாக மாற்றுவதுதான் முழு வேலையும்.

முதல் படி: என்ன ஒட்டப்போகிறது என்று எழுதுங்கள்

நான்கே வகைதான். கொழுப்பு ஒன்று. வெண்ணெய் சுமார் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், சில விலங்குக் கொழுப்புகள் உருக 40 முதல் 50 டிகிரி வரை வேண்டும். அதனால்தான் குழாய்த் தண்ணீரில் என்ன தேய்த்தாலும் அது அசைவதில்லை. அடுத்தது சர்க்கரை, கருகாத வரைக்கும் தண்ணீரிலேயே கரைந்துவிடும், சாதுவானது. மூன்றாவது புரதம், அதாவது முட்டை, இறைச்சிச் சாறு மாதிரியானவை. இவை 60 டிகிரியைத் தாண்டினால் வெந்து கெட்டியாகிவிடும், எடுத்த எடுப்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் அந்த அழுக்கை இழைமேலேயே சமைத்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம். நான்காவதுதான் உண்மையான வில்லன். மெல்லிய படலமாக நின்றுபோன எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் பூசியதுபோல இறுகிவிடும். அதற்குப் பிறகு சோப்பு அதை ஒன்றும் செய்யாது. மறுநாள் கையில் ஒட்டுகிற பிசுபிசுப்பு பாதி இறுகிய நிலையில் இருக்கிற இந்தப் படலம்தான், ஆக, முந்தின நாள் கழுவலில் தப்பித்த எண்ணெய்தான் அது.

கழுவுதல் எப்படி நடக்கிறது என்பதற்கு 1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானியர் ஒரு எளிய கணக்கு சொன்னார். வெப்பம், வேதிப்பொருள், உராய்வு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அழுக்கு போகிறது, ஒன்று குறைந்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். இதை உங்கள் பிரஷ்ஷின் இடுக்குக்குள் பொருத்திப் பாருங்கள். உராய்வு அங்கே பூஜ்யம். சோப்புத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வந்து புதிதாக மாறுவதில்லை, அதனால் வேதிப்பொருளும் பாதிதான். மிச்சம் இருக்கிற வெப்பத்தையும் நேரத்தையும் எவ்வளவு கூட்டுவீர்கள்? இடுக்கை வைத்துக்கொண்டு சோப்பை மாற்றுவதில் பலன் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

இரண்டாம் படி: பிரஷ்தான் வேண்டுமா?

ஒரே துண்டு எவர்சில்வரில் அடித்த நீளக் கைப்பிடிக் கரண்டியைவிடக் கழுவ எளிதான பேஸ்டிங் கருவி கிடையாது. இதைச் சொன்னால் வடிவமைக்க வந்தவர்களுக்கு முகம் வாடிவிடும், ஆனால் அதுதான் உண்மை. தட்டில் சாறு ஆழமாகத் தேங்குகிறது, அதை அள்ளி மேலே ஊற்றினால் போதும் என்றால் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு மட்டும் வைத்தால் சிந்தாது. பக்கவாட்டிலும் மேலேயும் மெல்லிசாக, சீராகப் பூச வேண்டும் என்றால்தான் பிரஷ் தேவை. கரண்டி நுழையாத இடுக்கலான பாத்திரத்திலிருந்து சாற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றால் பல்பு வைத்த குழாய். இனி வருவதில் பெரும்பகுதி பிரஷ்ஷைப் பற்றியது, குழாயைப் பற்றிக் கடைசிப் பக்கமாக ஒரு பத்தி இருக்கிறது.

மூன்றாம் படி: தலையை வரையுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு பரப்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி சின்னதாக இருந்தால் பரப்பு இழுவிசை திரவத்தைப் பிடித்து நிறுத்திவிடும், பெரிதானால் திரவம் தன் எடையில் வடிந்துவிடும். எந்த அளவில் இது மாறுகிறது என்பதற்கு ஒரு தோராயமான எல்லை உண்டு. தண்ணீருக்குச் சுமார் 2.7 மில்லிமீட்டர், சமையல் எண்ணெய்க்குச் சுமார் 2 மில்லிமீட்டர். அதைவிடக் குறுகிய இடைவெளியில் திரவம் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

சாறு எங்கே உட்கார வேண்டும்? நுனியில். எங்கே உட்காரக் கூடாது? அடியில், இழை முளைக்கும் இடத்தில். ஆகவே அடியில் இழைக்கும் இழைக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் விடுங்கள். அடியில் இழையின் தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு இழைக்கு மொத்தம் 5 மில்லிமீட்டர் இடம், 40 மில்லிமீட்டர் அகலத் தலையில் ஒரு வரிசைக்கு 8 இழைகள். பார்க்க அரிதாக, பல்லுப்போன சீப்பு மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். இழைகளை நீளமாகவும் நுனியை மெல்லிசாகவும் மென்மையாகவும் வைத்தால், சாற்றில் முக்கி எடுக்கும்போது ஈரமே நுனிகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்துவிடும். ஓவியத் தூரிகையைத் தண்ணீரில் நனைத்தால் கூராகிறதே, அதே காரியம்தான் இங்கேயும் நடக்கிறது. நனைந்தபோது நெருக்கம், கழுவும்போது விரித்தால் விலக்கம். இழையைக் கெட்டியாகச் செய்துவிட்டால் இந்த வித்தை நடக்காது, அதனால் சிலிக்கோன் ரப்பர் என்றால், கெட்டித்தன்மையைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 40-க்குப் பக்கத்தில் இருக்கிற மென்மையானதையே எடுங்கள்.

அப்புறம் அடிவாரம். இழை தரையைத் தொடும் மூலையைக் கூர்மையாக விடாதீர்கள். 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கமும் 1.5 மில்லிமீட்டர் ஆர வளைவு கொடுத்தால் நடுவில் மூலையே இருக்காது, தரை முழுக்க வழவழப்பான அரைவட்டக் குழிவாகிவிடும். உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான வழிகாட்டல்களில் உள்மூலை வளைவின் ஆரம் 6 மில்லிமீட்டர் இருப்பது நல்லது, 3-க்குக் கீழே போகக் கூடாது என்று சொல்வார்கள். நம்முடையது அதில் பாதிதான். ஆனால் அந்த விதி அசையாத எஃகுத் தொட்டிகளை மனதில் வைத்து எழுதியது. சிலிக்கோன் தலையைக் கட்டைவிரலால் பின்பக்கம் வளைத்தால் வரிசைகள் விரிந்து அடிவாரம் வெளியே வந்து நிற்கும். அப்படி வளைய வேண்டும் என்பதற்காகவே தலையின் முதுகை மெல்லிசாக வையுங்கள், 3 மில்லிமீட்டர் போதும். முதுகுக்குள் எஃகுத் தகடு வைத்து விறைப்பாக்கினால் இந்த வசதி போய்விடும்.

பல பிரஷ்களில் நடுவே துளை போட்ட சின்னச் சின்ன மடல்கள் இருக்கும், சிலிக்கோன் தண்ணீர்ச் சாறுகளைச் சரியாகப் பிடிக்காது என்பதால் செய்கிற ஏற்பாடு அது. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துளைகளுக்குள் அரைத்த மசாலாத் துகள் ஒன்று உட்கார்ந்தால் ஊசியை எடுத்துக் குத்த வேண்டியிருக்கும். துளைக்குப் பதிலாக மடலின் நுனி வரை திறந்த பிளவாக வெட்டிவிடுங்கள். சாற்றைப் பிடிக்கவும் செய்யும், விரலை அடியிலிருந்து நுனிக்கு ஒரு இழுப்பு இழுத்தால் துகள் வெளியே வந்துவிடும். இதை ஒரு பொது விதியாகவே வைத்துக்கொள்ளலாம், நான்கு பக்கமும் மூடிய ஓட்டை எங்கே இருந்தாலும் ஒரு பக்கத்தைத் திறந்துவிட முடியுமா என்று பாருங்கள்.

நான்காம் படி: தலையும் கைப்பிடியும் சேரும் மூட்டு

நாற்றத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான். இழைகளைக் கட்டாகச் சேர்த்து உலோக வளையத்தில் இறுக்கிப் பசை ஊற்றிய பழைய பாணிப் பிரஷ்களில் வளையத்துக்குள் எண்ணெய் ஏறும், ஏறியது இறங்காது. அந்த முறையைத் தொடவே வேண்டாம்.

மிச்சம் இரண்டு வழிகள். முதலாவது, எஃகுக் கம்பியை உள்ளே வைத்து முழுவதையும் ஒரே சிலிக்கோனாக வார்ப்பது. மூட்டே இல்லை என்பதால் பார்க்கச் சுத்தமாகத் தெரியும். இதில் ஒளிந்திருக்கிற சிக்கல், வார்க்கும்போது கம்பி வார்ப்பு அச்சான மோல்டுக்குள் நகராமல் இருக்க அதை எங்காவது ஊசிகளால் தாங்கிப் பிடித்தாக வேண்டும், அந்த ஊசி நின்ற இடங்களில் சின்ன ஓட்டைகள் விழும். சாதாரண சிலிக்கோன் வெறும் எஃகோடு தானாக ஒட்டாது, இடையில் பிரைமர் என்ற ஒட்டவைக்கும் அடிப்பூச்சு பூசினால்தான் ஒட்டும். ஆக அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கம்பிக்கும் சிலிக்கோனுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடும், வெளியே வர வழி இல்லை. இந்த வழியில் போகிறீர்கள் என்றால் பிரைமர் பூசுங்கள், ஓட்டைகளை இரண்டாவது வார்ப்பில் அடைத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி, கழற்றுகிற தலை. கைப்பிடியின் முனையில் தட்டையான எஃகு நாக்கு, தலையில் அதற்கேற்ற உறை. திருகு மரை வேண்டாம், மரையின் ஒவ்வொரு சுற்றும் ஒரு இடுக்கு. உறையை நாக்கைவிட இரண்டு மூன்று சதவீதம் சின்னதாக வைத்தால் சிலிக்கோன் விரிந்து கவ்விக்கொள்ளும். எண்ணெய் பட்டு வழுக்கித் தலை தீயில் விழுந்துவிடக் கூடாது என்பதால் நாக்கின் நடுவில் ஒரு மழமழப்பான புடைப்பும் உறைக்குள் அதற்கு ஒரு குழிவும் கொடுங்கள். உறையின் சுவர் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், ஆழமும் அதன் அகலத்தைவிட அதிகம் வேண்டாம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் உறையைச் சட்டைக் கையைத் திருப்புவதுபோல உள்வெளியாகத் திருப்பிக் கழுவ முடியும். திருப்ப முடியாத உறையைக் கழற்ற முடிவதில் பெரிய லாபம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரஷ்ஷைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் கைப்பிடியில் இருக்கிற தண்ணீர் நேராக வழிந்து உறைக்குள்ளேதான் இறங்கும். உறைக்குச் சற்று மேலே கைப்பிடியில் சொட்டு விளிம்பு ஒன்று, அதாவது வெளியே துருத்தி நிற்கிற சின்ன வளைய மேடு வைத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த மேட்டின் மேல்பக்கத்தையும் சரிவாக வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஒரு அழுக்குத் திண்ணை.

கழற்றுகிற தலையில் கூடுதலாக ஒரு நன்மை கிடைக்கிறது. பச்சை இறைச்சியில் பட்ட பிரஷ்ஷை வெந்த பொருளின் மேல் தடவக் கூடாது, பச்சையில் இருக்கிற கிருமிகள் நேராகத் தட்டுக்கு வந்துவிடும். இரண்டு நிறத்தில் இரண்டு தலைகள் செய்து வைத்தால் பச்சைக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று என்று மாட்டிக்கொள்ளலாம். நிறம் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பு, அடர்சிவப்பு வேண்டாம், அழுக்கு தெரிய வேண்டும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

கைப்பிடியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. அவன் (oven) அடுப்புக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர், திறந்த தீக்கு 40-க்கு மேல். கழுத்தில் லேசான வளைவு கொடுத்தால் மேடைமேல் வைக்கும்போது தலை தரையைத் தொடாது. தொங்கவிடும் துளை விரல்நுனி நுழைகிற அளவுக்குப் பெரிதாக, விளிம்பு மழுங்கலாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பொருள்

தலைக்குச் சிலிக்கோன். பொதுவாக 200 முதல் 230 டிகிரி வரை தாங்கும். குறை இல்லாமல் இல்லை, எண்ணெயையும் மணத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், தூசியும் ஈர்க்கும். ஆனாலும் நைலான் இழை சூடான உலோகத்தில் பட்டால் இளகி வளைந்துவிடும், இயற்கை முடி உதிரும், உறிஞ்சும். பிளாட்டினம் வினையூக்கியில் இறுகுகிற, உணவுத் தொடர்புக்கு என்று சான்று பெற்ற சிலிக்கோனையே வாங்குங்கள். உணவு படும் சிலிக்கோனை 200 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் ஆவியாகிப் போகிற பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர் பரிந்துரைக்கிறது. வார்த்து முடித்த தலையை, தயாரிப்பாளர் சொல்கிற வெப்பத்திலும் நேரத்திலும் காற்றோட்டமான அவன் அடுப்பில் சுட்டு எடுப்பது இந்த மிச்சங்களை வெளியேற்றத்தான், அந்தப் படியைத் தவறவிடாதீர்கள்.

நாக்குக்கும் கைப்பிடிக்கும் 304 ரக எவர்சில்வர். உப்பும் புளிப்பும் அதிகம் என்றால் 316. உணவு படும் உலோகப் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகளில் வழக்கமான எல்லை. உங்களிடம் அளக்கக் கருவி இருக்காது, பரவாயில்லை, நகத்தால் கீறினால் எங்கும் தட்டாத அளவுக்கு மெருகேற்றுங்கள். மரக் கைப்பிடி அழகுதான், ஆனால் ஈரத்தில் உப்பிக் காய்ந்து சுருங்கி மூட்டைத் தளர்த்திவிடும். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் 160 டிகிரி வாக்கில் உருகும், அதனால் தீப்பக்கம் அது ஆகாது.

குழாய் வகை செய்பவர்களுக்கு

உறிஞ்சுகுழாயில் பிரச்சினையே பல்புக்குள் எண்ணெய் போவதுதான். இதைக் கணக்கிலேயே தடுக்கலாம். 20 மில்லிமீட்டர் உள்விட்டம், 20 சென்டிமீட்டர் நீளம் உள்ள குழாயில் சுமார் 63 மில்லிலிட்டர் பிடிக்கும். பல்பை முழுக்க அமுக்கி விட்டால் 40 மில்லிலிட்டர்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், குழாயை நிமிர்த்திப் பிடித்திருக்கும் வரை சாறு பல்பைத் தொடவே முடியாது. பெரிய பல்பு நல்லது என்று நினைத்துத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். 20 மில்லிமீட்டர் விட்டத்தில் பாட்டில் கழுவும் பிரஷ் தாராளமாகப் போய்வரும், ஒரே நிபந்தனை, நுனி சுருங்குகிற இடத்தில் படிக்கட்டு போல் இல்லாமல் வழுக்கலான கூம்பாக இருக்க வேண்டும். பல்பைச் சிலிக்கோனில் செய்து, வாயை அகலமாக வைத்தால் அதையும் உள்வெளியாகத் திருப்பலாம். சூடான சாறு உள்ளே இருக்கிற காற்றை விரியவைப்பதால் நுனியில் சொட்டுவது இயல்பு, அதை முழுதாக நிறுத்த வால்வு எதுவும் வைக்கப் போகாதீர்கள், வால்வு என்றால் மறுபடி இடுக்கு.

ஆறாம் படி: மாதிரி செய்வது

முதல் மாதிரியைக் களிமண்ணிலோ அட்டையிலோ செய்து கையில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் 3டி பிரிண்டர். பிரிண்டரில் வந்ததை அப்படியே சமையலுக்கு எடுக்காதீர்கள், அடுக்கு அடுக்காக வரும் கோடுகள் எல்லாமே இடுக்குகள், தவிர அந்தப் பிரிண்டர்களில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும், சுடுநீரில்கூடக் கழுவ முடியாது. அதை மோல்டு செய்யப் பயன்படுத்துங்கள். மோல்டில் இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் சிலிக்கோன் அச்சு அசலாகப் பிரதி எடுக்கும், அதனால் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சு பூசி வழவழப்பாக்கிய பிறகே ஊற்ற வேண்டும். ரெசின் பிரிண்டரில் செய்த மோல்டு என்றால் கூடுதல் எச்சரிக்கை, முழுதாக இறுகாத ரெசின் பட்டால் பிளாட்டினம் சிலிக்கோன் அந்த இடத்தில் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். கந்தகம் கலந்த களிமண்ணும் இதையேதான் செய்யும். ஒரு ஓரத்தில் சொட்டு விட்டுச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் மெல்லிய பிசிறு வரும். அந்தக் கோடு இழைகளின் நடுவே போகாமல் தலையின் முதுகு விளிம்பில் போகும்படி முதலிலேயே திட்டமிடுங்கள்.

ஏழாம் படி: சோதனை

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதை நம்ப வேண்டாம். உணவு இயந்திரங்கள் செய்கிறவர்கள் ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். வைட்டமின் பி2, அதாவது ரைபோஃபிளேவின், புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.2 கிராம் வீதம் கரைத்து, பிரஷ்ஷை முக்கிக் காயவிட்டு, வழக்கம்போல் கழுவி, இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். எங்கே ஒளிர்கிறதோ அங்கே தண்ணீர் சரியாகப் போகவில்லை. கழுவும் சோப்பே ஒளிரும் ரகமாக இருந்தால் குழப்பும், சோதனைக்கு முன் சோப்பை மட்டும் தனியாக விளக்கில் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இது தண்ணீர் எட்டும் இடத்தைத்தான் காட்டும், எண்ணெய்க்கு வேறு சோதனை வேண்டும்.

அதற்கு 0.1 கிராம் காட்டும் தராசு போதும். புதுத் தலையை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, எண்ணெயில் முக்கி, 50 முதல் 60 டிகிரி சோப்புத் தண்ணீரில் கழுவி, ராத்திரி முழுக்கக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கிற எடை தங்கிப்போன எண்ணெய். இதையே திரும்பத் திரும்பச் செய்யும்போது எடை கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது சிலிக்கோன் உறிஞ்சிக்கொண்டது, விட்டுவிடலாம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒரு இடுக்கு இருக்கிறது, பெரும்பாலும் உறைக்குள் இருக்கிற குழிவில். கழுவிய தலையை மூடிய கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் வைத்துத் திறந்து மோந்து பார்ப்பதும் கேவலமான சோதனை கிடையாது, மூக்கு தராசைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

இவை எல்லாம் முடிந்த பிறகு, பிரஷ்ஷை வேறு யாரிடமாவது கொடுத்து, எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் தலையைக் கழற்றாமலே தேய்த்துவிட்டு மாட்டிவிடுவார்கள், கழற்றலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அறிவுரைச் சீட்டு எழுதி ஒட்டுவதில் பிரயோசனம் இல்லை. உறையின் விளிம்பில் விரல் வைத்து இழுக்கத் தோன்றும்படி ஒரு சின்னக் காது வைத்து, கைப்பிடியின் நிறத்துக்கும் தலையின் நிறத்துக்கும் நல்ல வித்தியாசம் காட்டி அடுத்த மாதிரியைச் செய்து, மறுபடியும் அதே மாதிரி வாயைத் திறக்காமல் இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.